போர்வையை மறக்கும் பெட்டி

கைக்குட்டை. மறுபடியும் கைக்குட்டைதான். டிவி திரையில் கொடிக்கயிறு லேசாக ஆடுகிறது, கீழே வாளியில் நீலக்கரை போட்ட ஒற்றைக் கைக்குட்டை, பக்கத்தில் மஞ்சள் கிளிப். நேற்று இதே விளையாட்டில் நல்லசிவம் அண்ணாச்சி துண்டு, சட்டை, புடவை எல்லாம் தாண்டிப் போர்வை வரைக்கும் காயப்போட்டுவிட்டுப் போனார் என்று அவருக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா போனில் சொன்னாள். டிவிக்குக் கீழே விளையாட்டை ஓட்டுகிற பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது. இன்றுதான் கண்ணைத் திறந்ததுபோல மலங்க மலங்க விழிக்கிறது. அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை, நாற்காலியில் உடம்பைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, இவங்கதான் இந்த விளையாட்டை எழுதுனவங்க, இசக்கி" என்று ஜெசிந்தா அறிமுகம் செய்தாள். "எழுதுனது இவுகன்னா அழிக்கது யாரு?" என்றார் அவர். அவருடைய மனைவி பிரமு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. நியாயமான கேள்வி. அதற்கு விடை தெரிந்திருந்தால் நான் ஏன் விடிந்தும் விடியாமலும் நாகர்கோவிலில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்து, இந்தப் பிசியோதெரபி மையத்தில், தைல வாசனைக்கு நடுவில், ஒரு கால் குட்டையான பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வரும்போதே ஜெசிந்தா என்னை ஓரங்கட்டிச் சொல்லிவிட்டாள். அண்ணாச்சி வீட்டில் கறாராகப் பேசிவிட்டாராம். இன்னைக்கு ஒரு நாள் செய்வேன், நாளைக்கும் அந்தக் கைக்குட்டை வந்து நின்னுதுன்னா என் கை அவ்வளவுதான்னு அர்த்தம், அதோட விட்டுருவேன், வீணா எதுக்கு ஆட்டோ பிடிச்சு அலையணும். வலது கை. பக்கவாதத்தில் விழுந்து, மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருக்கிற கை. இப்போது விட்டால் அந்த விரல்கள் மறுபடி உள்ளங்கைக்குள் மடங்கிப் படுத்துக்கொள்ளும், அப்புறம் எழுப்புவது பெரும்பாடு என்றாள் ஜெசிந்தா. ஆக, இன்று அவர் செய்வதை நாளை இந்தப் பெட்டி ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் வந்த வேலை.

அவர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெருங்குகின்றன, டிவிக்கு மேலே இருக்கிற கேமரா அதைப் பார்க்கிறது, திரையில் ஒரு கை அதேபோல நெருங்கிக் கிளிப்பைப் பிடிக்கிறது. பிடித்துவிட்டது. கைக்குட்டை கொடியில் ஏறிவிட்டது. இந்தப் பெட்டியோடு மவுஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது, நோயாளியின் கைதான் எல்லாம், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. முதலில் நான் செய்தது பழம் பறிக்கிற விளையாட்டு. மாமரம், மேகம், பின்னால் ஒரு மலை என்று படம் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. ஜெசிந்தா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பழம் பறிக்கத்துக்கா இவங்க இங்க வாராங்க? கிளிப் போடட்டும். பெருவிரலும் பக்கத்து விரலும் ஒண்ணாச் சேந்துட்டா பாதி வாழ்க்கை திரும்பிரும் பாத்துக்க. பட்டன் போடலாம், சாவி திருப்பலாம், சோத்தைப் பிசைஞ்சு வாயில வைக்கலாம்" என்றாள். மாமரத்தை அன்றே வெட்டினேன். கிளிப் என்றதும் எனக்கு எங்கள் மொட்டைமாடிதான் ஞாபகம் வந்தது, நாகர்கோவில் ஆடி மாதக் காற்று, அம்மாவின் புடவை கிளிப்போடு பறந்துபோய் டிரான்ஸ்பார்மரில் சுற்றிக்கொண்டு தெருவுக்கே கரண்டு போய்விட்டது, லைன்மேன் வந்து கம்பால் எடுத்துக் கொடுத்தபோது அம்மா அவரிடம், கிழியாமல் எடுத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டாள். அந்தக் காற்றை அப்படியே விளையாட்டில் வைத்துவிட்டேன். துணி பெரிதாக ஆக ஆகக் காற்றும் கூடும், கிளிப்பை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். துண்டு வந்துவிட்டது. அண்ணாச்சி துண்டைப் பிடிக்கிறார். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து ஒரு கோவணத்தைக்கூட காயப்போட்டதில்ல" என்று பிரமு அம்மா என்னிடம் சொல்கிறார், அவருக்கும் கேட்கிற மாதிரிதான். "பஸ்ஸு யாரு ஓட்டுவா, ஒங்க அப்பனா?" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். துண்டும் ஏறிவிட்டது.

என் மேசையில் சேமிக்கிறது. இங்கே சேமிக்கவில்லை. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வாக்கியம் இருக்கிறது, ஒரு வாரமாக அதைத்தான் தேடுகிறேன், குளிக்கும்போது தேடுகிறேன், தோசை திருப்பும்போது தேடுகிறேன், தோசை கருகுகிறது. விளையாட்டை நான் உருவாக்குவது எடிட்டர் என்கிற பெரிய மென்பொருளுக்குள். அங்கே ஒரு முக்கோணத்தை அழுத்தினால் விளையாட்டு ஓடும், ஒரு சதுரத்தை அழுத்தினால் நிற்கும், எல்லாம் என் கண் முன்னால். வேலை முடிந்ததும் அதைத் தனியாகக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தால் அங்கே எடிட்டர் கிடையாது, விளையாட்டை ஓட்டிக் காட்டுகிற பிளேயர் மட்டும்தான். தனிக்குடித்தனம். வீட்டில் சமர்த்தாக இருந்தது தனியாகப் போனதும் என்ன கூத்தடிக்கும் என்று யாருக்குத் தெரியும். முதலில் ஃபோல்டரைச் சந்தேகப்பட்டேன். எடிட்டரில் என் வேலை ஃபோல்டருக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தது, பெட்டியில் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை, சரி, மாற்றினேன். அப்புறம் அனுமதியைச் சந்தேகப்பட்டேன், மென்பொருள் இருக்கிற இடத்தில் எழுத விடமாட்டேன் என்று பெட்டி பிடிவாதம் பிடிக்கும், சரி, எழுத விடுகிற இடத்துக்கு மாற்றினேன். என்னோடு வேலை செய்கிற ஹபீபுல்லா, ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தாயே, அதுதான் வினை என்றான், ஆங்கிலத்தில் மாற்றினேன். மாற்றிய பிறகு இதே பெட்டியை அலுவலகத்துக்கு வரவழைத்து, என் கீபோர்டைச் செருகி, ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டினால் போர்வையைச் சொல்லிவைத்த மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறது. திரும்ப இங்கே அனுப்பினால் கைக்குட்டை. பாளையங்கோட்டைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. சரி, கிளிப் போடப் போட உடனுக்குடன் எழுதினால் என்ன என்றால், அதையும் செய்து பார்த்தவள்தான் நான், எழுதுகிற நேரம் பார்த்துப் பெட்டி ஒரு நொடி திணறும், திரையில் இருக்கிற கை நடுங்கும், கிளிப் விழுந்துவிடும், நடுக்கம் தன் கையில்தான் என்று நோயாளி நினைப்பார். அது பாவம். அதனால் விளையாட்டு முடியும்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையாக எழுதட்டும் என்று வைத்தேன். அதில் என்ன தப்பு. பெட்டியின் நடவடிக்கைப் பதிவை நேற்று ஜெசிந்தா அனுப்பிவைத்தாள், கடைசி வரி 'போர்வை ஏறியது', அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. என் மேசையில் அதற்குக் கீழே 'எழுதினேன்', 'மூடுகிறேன்' என்று இரண்டு வரிகள் வரும். இங்கே அவை இல்லை. பேச்சின் நடுவே யாரோ வாயைப் பொத்திய மாதிரி நிற்கிறது. கரண்டு போயிருக்கும் என்றேன். "கரண்டெல்லாம் போகல இசக்கி, போனாலும் இன்வெர்ட்டர் இருக்கு" என்றாள். அப்படியானால் அந்த இரண்டு வரிகள் எங்கே போயின. என் மேசையில் சேமிக்கிறது. இங்கே சேமிக்கவில்லை.

சட்டை முடிந்து புடவை வந்துவிட்டது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகுகிறது, திரையிலும் காற்று, அறையிலும் காற்று, பிரமு அம்மா எனக்கு ஒரு டம்ளர் டீயை நீட்டுகிறார், பிளாஸ்க்கில் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது, சுக்கு மணக்கிறது. அம்மாவும் காலையில் பஸ்ஸில் இருக்கும்போது கூப்பிட்டாள், அந்த ஆளுக்குக் கை சரியாயிட்டா என்று கேட்டாள். நான் ஏதோ பாதி டாக்டர் என்பது அவள் எண்ணம், கல்யாண வீடுகளில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். நான் டாக்டர் இல்லை அம்மா, எனக்கு ஒரு ஃபைலை ஒழுங்காக எழுதிவைக்கத் தெரியவில்லை. இன்றும் பிடிபடவில்லை என்றால் என்ன செய்வேன், நாளைக் காலை இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து கைக்குட்டையைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து போவார், நான் நாகர்கோவிலில் தோசையைக் கருக்கிக்கொண்டிருப்பேன். இத்தனைக்கும் அவர் கை நன்றாகத் தேறிவருகிறது. கைக்குட்டையை அவர் மாட்டிய வேகத்தைப் பார்த்தேனே, முதல் வாரம் ஜெசிந்தா அனுப்பிய வீடியோவில் அந்த ஒரு கைக்குட்டைக்கே வியர்த்து விறுவிறுத்துப்போனார். பெட்டி எழுதிவைக்காததை எல்லாம் கை எழுதி வைத்திருக்கிறது. இதை ஜெசிந்தாவும் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர், "நீங்க நல்ல பிள்ளைய, ஆறுதலுக்குச் சொல்லுவிய. பொட்டிக்கு என்னத்துக்குப் பொய் சொல்லணும்?" என்றாராம். என் பெட்டியை உலகத்தில் இவ்வளவு நம்புகிற ஒரே மனிதர் இவர்தான், அவரைத்தான் அது தினமும் ஏமாற்றுகிறது. புடவை காற்றில் உப்புகிறது. அவர் உதட்டைக் கடித்துக்கொள்கிறார், தோள் லேசாக முன்னால் சாய்கிறது, வளைவில் பெரிய வண்டியைத் திருப்புகிறவரின் சாய்வு, கட்டைவிரல் நகம் வெளுக்கிறது. ஏறிவிட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, டீ டம்ளர் கையில் இருந்ததால் தட்டவில்லை.

போர்வை. நான் லேப்டாப்பைப் பார்க்கிறேன், பெட்டியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அதில் செருகியிருக்கிறேன், பதிவின் வரிகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன, கை தெரிந்தது, கிளிப் பிடித்தது, கிளிப் நழுவியது, மறுபடி பிடித்தது, எல்லாம் என் மேசையில் வருகிற அதே வரிகள். என்ன வித்தியாசம், என்ன வித்தியாசம். பிரமு அம்மா பிளாஸ்க்கை மூடிக் கூடைக்குள் வைக்கிறார். போர்வையின் ஒரு முனை ஏறிவிட்டது, மறுமுனையைக் காற்று இழுக்கிறது, அண்ணாச்சி மூச்சை அடக்குகிறார், நானும் அடக்குகிறேன், 'போர்வை ஏறியது'. இதுதான் அந்தக் கடைசி வரி. இதற்கப்புறம்தான் அது வாயை மூடிக்கொள்ளும். நான் கண்ணை லேப்டாப்பிலிருந்து எடுக்கவில்லை, எடுத்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும், ஒரு வாரமாக நான் செய்ததும் இதுதான், வரிகளைப் பார்த்தேன், ஆட்களைப் பார்க்கவில்லை. நாற்காலி கிரீச்சிட்டதும் நிமிர்ந்தேன். திரையில் 'இன்றைக்குப் போதும், நன்றாகச் செய்தீர்கள்' என்று வந்திருக்கிறது, அதற்குக் கீழே நான் வைத்த பெரிய சிவப்புப் பொத்தான். அண்ணாச்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து துண்டை உதறித் தோளில் போடுகிறார். பிரமு அம்மா சுவர்ப் பக்கம் போய்விட்டார், அவர் விரல் சுவிட்சின் மேல் இருக்கிறது. "அம்மா, இருங்க, இருங்க" என்றேன். டீ என் சுடிதாரில் கொட்டியது. "என்ன தாயி, தெனமும் நாந்தான் அணைப்பேன். ஆளில்லாம எரியலாமா?" என்றார். ஜெசிந்தாவைப் பார்த்தேன். "ஆமா, அம்மாவே அணைச்சிருவாங்க. நான் அதைக் கவனிச்சதே இல்ல" என்றாள். வித்தியாசம். என் மேசையில் நான் சதுரத்தை அழுத்துகிறேன், அலுவலகத்தில் என் கீபோர்டைத் தட்டுகிறேன், விளையாட்டு முறையாக முடிகிறது, முடியும்போது எழுதுகிறது. இங்கே முறையாக முடிக்க இருப்பது அந்தச் சிவப்புப் பொத்தான் ஒன்றுதான், அதை யாரும் அழுத்துவதில்லை. ஃபோல்டர், அனுமதி, ஃபைல் பெயர் என்று ஒரு பாவமும் அறியாதவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தேன், எழுது என்று யாரும் பெட்டியிடம் சொல்லவே இல்லை. "அண்ணாச்சி, அந்தச் சிவப்புப் பொத்தானை நீங்க அமுக்குறதே இல்லையா?" அவர் துண்டைச் சரிசெய்தார். பிரமு அம்மாதான் பேசினார், குரலில் சிரிப்பு இல்லை. "அதுல என்ன எழுதியிருக்குன்னு நீயே வாசி தாயி." வாசித்தேன். 'போகிறேன்.' "இந்த மனுசன் ஒரு தடவை போகப் பாத்துத் திரும்பி வந்திருக்காரு. ஆஸ்பத்திரியில உக்காந்துகிட்டு அவரு கையாலேயே போகிறேன்னு அமுக்கச் சொல்லுதியே. நம்ம வீட்டுல யாராவது அப்படிச் சொல்லிட்டுப் படியெறங்குவாளா?"

யாரும் சொல்லமாட்டார்கள். நான் சொல்லமாட்டேன். எல்லா மென்பொருளிலும் இருக்கிற 'வெளியேறு' என்கிற வார்த்தை போலீஸ்காரர் விரட்டுகிற மாதிரி இருக்கிறது, நம் நோயாளிகளுக்கு மரியாதையாக ஒன்று வைப்போம் என்று நான் மெனக்கெட்டு யோசித்துக் கண்டுபிடித்த வார்த்தை அது, ஹபீபுல்லாகூட நன்றாக இருக்கிறது என்றான். ஒரே நேரத்தில் எனக்கு வெட்கமாகவும் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, பிழை கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன், இந்த அம்மா முகத்துக்கு எதிரே சிரித்தால் அடி விழும். "மன்னிச்சிருங்கம்மா, இன்னைக்கே மாத்திருதேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. எப்படி மாற்றுவது. வார்த்தையை மாற்ற விளையாட்டை நிறுத்த வேண்டும், முறையாக நிறுத்த அந்தப் பொத்தானை விட்டால் வேறு வழியில்லை, கீபோர்டு நாகர்கோவிலில் இருக்கிறது, அப்படியே அணைத்தால் இன்றைய போர்வையும் போய்விடும், நாளை மறுபடி கைக்குட்டை. இதை அவர்களிடம் அப்படியே சொன்னேன், மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. சரி, கேமராவுக்கு யார் கையாக இருந்தால் என்ன, நானே அழுத்திவிடுகிறேன் என்று கையைத் தூக்கினேன். கை பாதியில் நின்றது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ராகுகாலத்தில் புது லேப்டாப் வாங்கியவள் நான், ஆனாலும் நின்றது. "நீயும் வேண்டாம். ஒங்கம்மை கேட்டா என்ன நெனைப்பா" என்று பிரமு அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஜெசிந்தாவைப் பார்த்தேன், அலமாரியில் பஞ்சு எடுக்கிற அவசர வேலை அவளுக்கு வந்துவிட்டது. மின்விசிறி முனகியது. திரையில் போர்வை அழகாகக் காய்ந்துகொண்டிருந்தது, பொத்தான் சிவப்பாகக் காத்திருந்தது, நாலு பெரிய மனிதர்கள் ஒரு வார்த்தைக்குப் பயந்து நின்றோம்.

"ஆக, இதை அமுக்குனாத்தான் அதுல பதியும்" என்றார் அண்ணாச்சி. ஆமாம் அண்ணாச்சி என்றேன். "நேத்து வரைக்கும் அது என் கையக் கொறை சொல்லல. நாந்தான் அதுகிட்டச் சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போயிருக்கேன்." நான் தலையாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், அதைப் பற்றி இத்தனை நாளும் தான் நினைத்ததெல்லாம் தப்பு என்று அவருக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிகிறது என்று நினைக்கிறேன், முகம் மெல்ல மெல்ல இளகியது. "ஏங்க, வேண்டாம்" என்றார் பிரமு அம்மா. "சும்மா இரு. அது எழுதியிருக்கது பாதி. மிச்சத்த நாம சொல்லிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்தார். கை எழுந்தது, திரையில் இருக்கிற கையும் எழுந்து சிவப்புப் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுக்கமில்லாமல் நெருங்கின. டிவியைப் பார்த்து, ஒருத்தர் வீட்டு வாசலில் நின்று விடைபெறுகிற குரலில், தெளிவாகச் சொன்னார்.

"போயிட்டு வாரேன்."

விரல்கள் சேர்ந்தன. திரை இருண்டது. என் லேப்டாப்பில் அந்த இரண்டு வரிகள் இறங்கின, 'எழுதினேன்', 'மூடுகிறேன்'. அவர் இன்னும் இருண்ட டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. பெட்டிக்கு அதைச் சொல்ல நான் கற்றுக்கொடுக்கவில்லை. நானே சொன்னேன். "போயிட்டு வாங்க அண்ணாச்சி."

பிரமு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சை அணைத்தார். அண்ணாச்சி பக்கத்தில் வந்த அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றார். "ஏ பிள்ள, போர்வைக்கு அடுத்தாப்புல என்ன துணி?" ஜமுக்காளம் என்றேன். "ஜமுக்காளமா?" என்று கட்டைவிரலை ஒரு தடவை பார்த்தார். "அது கனக்கும்லா. அப்ப நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனவே வந்திருதோம்."